பாலைக்கு நடுவே ஒரு மலை

நிலத்தை ஐந்தாகப் பகுத்துக் கண்ட நம் முன்னோர், பாலையைப் பற்றி நுட்பமான ஒரு கருத்துக் கொண்டிருந்தனர். பாலை என்பது தோற்றத்திலேயே பாலையாக அமைந்த தனி நிலம் அன்று. காடும் மலையும் வெம்மை மிகுந்து வளம் குன்றித் தம் இயல்பு மாறும்போது எய்தும் நிலையே பாலை என்பது அவர்கள் துணிபு. சிலப்பதிகாரம் இவ்விளக்கத்தைத் தருகிறது. தமிழகத்துக் கோடையைக் கண்டு எழுந்த இக்கருத்து, உலகத்திலேயே மிகப் பெரிய வெப்பப் பாலைவனமாகிய சகாராவுக்கும் பொருந்தும் என்று சொன்னால் நீங்கள் வியப்படையக்கூடும். அதற்குச் சான்று கூறும் மலை ஒன்றைப் பற்றியே இன்று பேசப் போகிறேன்.

அம்மலையின் பெயர் உவைனாத். ஆப்பிரிக்காப் படத்தை எடுத்து, எகிப்து, லிபியா, சூடான் என்னும் மூன்று நாடுகளின் எல்லைக் கோடுகளும் கூடும் இடத்தில் விரலை வையுங்கள். அங்கே நிற்கிறது அது. கிழக்கே நைல் ஆறு 600 கிலோமீட்டருக்கும் அப்பால் ஓடுகிறது. வடமேற்கே குஃப்ரா என்னும் பாலைவனச் சோலை ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. இடையில் மணலும் சரளையும் அன்றி வேறில்லை. சில இடங்களில் ஆண்டுக் கணக்கில் ஒரு துளி மழையும் பெய்வதில்லை. இத்தகைய வெளியின் நடுவே கடல் மட்டத்திற்கு மேல் 1,934 மீட்டர் உயரத்திற்கு எழுந்து நிற்கிறது உவைனாத்.

மலையின் மேற்குப் பகுதி கருங்கல்லால் ஆனது. பூமியின் உள்ளிருந்து எழுந்த பாறைக் குழம்பு இறுகி வட்ட வடிவில் அமைந்தது அது. கிழக்குப் பகுதி மணற்கல். உவைனாத் என்னும் அரபுச் சொல்லுக்குச் ‘சின்னஞ்சிறு சுனைகள்’ என்பது பொருள். பெயர் பொருத்தமானதே. எப்பொழுதோ ஒரு முறை பெய்யும் மழையின் நீர், பெரிய கருங்கற்களின் அடியில் உள்ள பள்ளங்களில் தங்குகிறது. கதிரவனின் ஒளி அங்கே எட்டுவதில்லை. ஆகையால் அந்நீர் விரைவில் ஆவியாவதில்லை. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் சுற்றளவில் மனிதனுக்கும் விலங்குக்கும் உயிர் தரும் நீர் இந்த நிழல் நீரே.

இம்மலைக்கு வடகிழக்கே கில்ஃப் கபீர் என்னும் மேட்டு நிலம் உள்ளது. ‘பெரிய மதில்’ என்று அதன் பெயரைத் தமிழாக்கலாம். ஏறத்தாழ 7,700 சதுர கிலோமீட்டர்ப் பரப்புள்ள அம்மணற்கல் மேடு, சுற்றியுள்ள தரையினின்றும் 300 மீட்டர் அளவுக்குச் செங்குத்தாக எழுகிறது. அதற்கும் வடக்கே பெருமணற்கடல் தொடங்குகிறது. 1874ஆம் ஆண்டில் எகிப்திலிருந்து மேற்கு நோக்கிக் குஃப்ராவுக்குச் செல்ல முயன்ற ஜெர்மானியராகிய ரோல்ஃப்ஸ் என்பவரை வழிமறித்துத் திருப்பியது இம்மணற்கடலே. உவைனாத்தை அறிஞர் உலகம் நெடுங்காலம் அறியாதிருந்தமைக்குக் காரணம் இப்போது உங்களுக்கு விளங்கும்.

ஆனால் ‘அறியாதிருந்தது’ என்பதைச் சற்று எண்ணிப் பார்த்துச் சொல்ல வேண்டும். வரைபடம் எழுதுவோர் அறியாதிருந்தனர். பாலைவன மக்கள் நன்கு அறிந்திருந்தனர். மலைக்குப் பெயர் இட்டவர்களும், சுனைகளின் இடத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தவர்களும் அவர்களே. நாடாய்வாளர் செய்தது, அந்த அறிவைக் கேட்டு, அளந்து, எழுதி, எல்லார்க்கும் பொதுவாக்கியதாகும். இது சிறு செயல் அன்று. எனினும் முதலில் கண்டவர் என்ற பட்டம் அவர்களுக்கு உரியதன்று.

அவ்வாறு அளந்து எழுதிய முதல்வர் எகிப்து நாட்டவராகிய அகமது ஹசனைன். ஆக்ஸ்ஃபோர்டில் கல்வி பயின்றவர், வாட்போரில் வல்லவர், ஒலிம்பிக் பந்தயங்களிலும் கலந்துகொண்டவர். 1923ஆம் ஆண்டில் அவர் ஒட்டகக் கூட்டத்துடன் மத்தியதரைக் கடற்கரையிலிருந்து புறப்பட்டுக் குஃப்ரா வழியாகத் தெற்கே சென்று, சூடானிலுள்ள எல் ஒபெய்தை அடைந்தார். வழியின் நீளம் ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர். இப்பயணத்தில்தான் அர்க்கெனு, உவைனாத் என்னும் இரு மலைகளின் இருப்பிடமும் வரைபடத்தில் குறிக்கப்பெற்றது.

அவர் எவ்வாறு இடத்தைக் குறித்தார்? ஒட்டகம் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் நடக்கும். நடந்த நேரத்தையும் திசையையும் நாள்தோறும் குறித்துக்கொண்டால் கடந்த தொலைவு தெரியும். ஆனால் நாளுக்கு ஒரு சிறு பிழை நேர்ந்தாலும், நூறு நாளில் அது பெரும் பிழையாக வளர்ந்துவிடும். ஆகவே அவர் தியோடலைட்டு என்னும் கோணமானியால் வானத்து மீன்களை அளந்து தம் கணக்கைத் திருத்திக்கொண்டார். நாட்டையே கைப்பற்றுவதற்கான சூழ்ச்சிக் கருவியோ என்று உடன் வந்தவர்கள் அதனை ஐயுற்றதும் உண்டு. பகல் வெப்பம் தாங்காமல் இரவில் நடந்து, களைத்து அமரும் நேரத்திலும் அளவைக் குறிக்கத் தவறாதவர் அவர். எகிப்திய நில அளவைத் துறையின் ஜான் பால் என்பவர் அக்குறிப்புகளைக் கணக்கிட்டு வரைபடம் ஆக்கினார். 1924இல் இலண்டன் புவியியற் கழகம் ஹசனைனுக்குத் தங்கப் பதக்கம் அளித்தது.

உவைனாத்தில் அவர் கண்டவை யாவை? முதலாவதாக, மக்களைக் கண்டார். ஏறத்தாழ 150 பேர் ஹெர்ரி என்னும் தலைவரின் கீழ் ஆடு ஒட்டகங்களுடன் அங்கு வாழ்ந்தனர். இரண்டாவதாக, பாறைகளில் செதுக்கிய உருவங்களைக் கண்டார். சிங்கம், ஒட்டைச்சிவிங்கி, தீக்கோழி, மான், பசு ஆகியவை அங்கே இருந்தன. இவற்றைச் செய்தவர் யார் என்று கேட்டபோது, இவை ஜின் என்னும் பூதங்களின் வேலை என்ற விடையே கிடைத்தது.

மாணவர்களே, இங்கே ஹசனைன் சிந்தித்த முறையைக் கவனியுங்கள். பாறையில் எது இருக்கிறது என்று மட்டும் அவர் பார்க்கவில்லை. எது இல்லை என்றும் பார்த்தார். அவர் கண்ட உருவங்களுள் ஒட்டகம் இல்லை. பாலைவனத்தில் வாழ்பவன் ஒட்டகத்தை மறந்து ஒட்டைச்சிவிங்கியைச் செதுக்குவானா? ஒட்டகம் ஆசியாவிலிருந்து எகிப்துப் பக்கம் வந்தது கி.மு. 500 அளவில் என்பது அவர் அறிந்த செய்தி. ஆகவே இவ்வுருவங்கள் அதற்கும் முற்பட்டவை என்று கொண்டார். ஒட்டைச்சிவிங்கி மரத்தின் தழையை மேய்வது; பசு நாள்தோறும் நீர் வேண்டுவது. எனவே இம்மலையைச் சுற்றி ஒரு காலத்தில் மரமும் புல்லும் நீரும் இருந்திருக்க வேண்டும். இவ்வளவும் ஒரு பாறையின் முன் நின்று ஒருவர் செய்த ஊகம்.

ஊகம் நன்று, ஆனால் ஊகம் உண்மை ஆகிவிடாது. அதனைச் சோதித்தல் வேண்டும். அச்சோதனைக்கு வழி திறந்தவை மோட்டார் வண்டிகள். எகிப்து நாட்டு இளவரசர் கமாலுத்தீன் 1926இல் சங்கிலிச் சக்கரம் பூட்டிய வண்டிகளில் வந்து, முன்னே சொன்ன மேட்டு நிலத்திற்குக் கில்ஃப் கபீர் என்று பெயரிட்டார். ஆங்கிலேயப் படைப் பொறியாளராகிய ரால்ஃப் பாக்னோல்டு, 1929, 1930, 1932 ஆகிய ஆண்டுகளில் சாதாரண ஃபோர்டு வண்டிகளையே கொண்டுவந்தார். மணலில் சக்கரம் புதையாதிருக்க டயரின் காற்றைக் குறைத்தார். புதைந்த வண்டியை மீட்க இரும்புத் தகடுகளைச் சக்கரத்தின் அடியில் இட்டார். வண்டியின் இரும்பால் காந்த ஊசி தடுமாறுகிறது என்று கண்டு, நிழலைக் கொண்டு திசை காட்டும் சூரியத் திசைகாட்டியை அமைத்தார். ரேடியேட்டரில் கொதித்து ஆவியாகும் நீரைக் குழாய் வழியே ஒரு கலத்திற்குச் செலுத்திக் குளிரச் செய்து, மீண்டும் நீராகவே பெற்றார். பாலையில் ஆவியும் வீணாகலாகாது என்பது அவர் கற்ற பாடம்.

அவர் அத்துடன் நிற்கவில்லை. மணல்மேடுகள் ஏன் ஒழுங்கான வடிவம் கொள்கின்றன என்னும் வினா அவரை விடவில்லை. இலண்டனுக்குத் திரும்பிக் காற்றுச் சுரங்கம் ஒன்றை அமைத்து, மணற் துகள் காற்றில் துள்ளிச் செல்லும் முறையை அளந்தார். 1941இல் வெளிவந்த அவருடைய நூல் அத்துறைக்கு அடிப்படையாயிற்று. செவ்வாய்க் கோளின் மணல்மேடுகளை ஆராய்வோர்க்கும் அது பயன்பட்டது. கியூரியாசிட்டி என்னும் ஊர்தி 2015 முதல் ஆராய்ந்த செவ்வாய் மணல்மேடுகளுக்குப் ‘பாக்னோல்டு மேடுகள்’ என்றே பெயர் வழங்குகிறது. வினாவை விடாமல் பற்றியவனுக்குப் பாலைவனமும் ஆய்வுக்கூடமாகும்.

இவர்கள் காலத்தில் சர்சூரா என்னும் கட்டுக்கதை ஒன்றும் பலரை ஈர்த்தது. பாலைக்குள் எங்கோ பறவைகள் நிறைந்த ஒரு சோலை மறைந்துள்ளது என்பது அக்கதை. 1932இல் அங்கேரியராகிய அல்மாசியும் அவர் தோழர்களும் சிறு விமானத்தில் பறந்து தேடியபோது, கில்ஃப் கபீரின் உள்ளே வேல மரங்கள் நிற்கும் பள்ளத்தாக்குகளைக் கண்டனர். பொன்னும் மாளிகையும் அங்கு இல்லை. மழை பெய்த ஆண்டுகளில் கால்நடை மேயும் புல்வெளியே கதையின் மெய்ப்பொருள் எனலாம்.

அடுத்த ஆண்டில், அதாவது 1933இல், கில்ஃப் கபீரின் அடிவாரத்துக் குகை ஒன்றில் அல்மாசி வண்ண ஓவியங்களைக் கண்டார். அவற்றுள் சில மனித உருவங்கள் கைகளை நீட்டிக் கிடைமட்டமாக மிதந்தன. ‘இவர்கள் நீந்துகிறார்கள், ஆகவே இங்கே ஏரி இருந்தது’ என்று அவர் முடிவு செய்தார். நீந்துவோர் குகை என்னும் பெயரும் நிலைத்தது. பிற்கால ஆய்வாளருட் சிலர், இவர்கள் நீந்துவோர் அல்லர், மறுவுலகில் மிதக்கும் இறந்தோர் என்று கருதினர். எது சரி? ஓவியத்தை எழுதியவன் விளக்கம் எழுதி வைக்கவில்லை. ஆதலால் ஓவியத்தை மட்டும் கொண்டு ஏரியை நிலைநாட்டுதல் கூடாது. ஏரிக்கு ஏரியே சான்றாக வேண்டும்.

அச்சான்றும் கிடைத்தது. கில்ஃப் கபீரில் வாதி பக்த் என்னும் பள்ளத்தாக்கின் குறுக்கே பழங்காலத்தில் ஒரு மணல்மேடு படிந்து அணைபோல் நின்றது. அதன் பின்னே மழை நீர் தேங்கியது. ஒவ்வொரு வெள்ளமும் கொண்டுவந்த வண்டல், அடுக்கின் மேல் அடுக்காக இன்றும் அங்கே இருக்கிறது. அருகே மக்கள் வாழ்ந்த இடங்களின் கல்லாயுதங்களும் மண்கல ஓடுகளும் கிடைத்துள்ளன. வானத்திலிருந்தும் ஒரு சான்று வந்தது. 1981 நவம்பரில் கொலம்பியா விண்கலம் எடுத்துச் சென்ற ராடார் கருவி, உலர்ந்த மணலை ஊடுருவி, உவைனாத்துக்குக் கிழக்கேயுள்ள மணற்பரப்பின் அடியில் பழைய ஆற்றுப் பள்ளத்தாக்குகளைக் காட்டிற்று. அவற்றுட் சில நைல் பள்ளத்தாக்கின் அகலத்திற்கு ஒப்பானவை. கண்ணுக்குத் தட்டையாகத் தோன்றிய மணலின் கீழே மிகப் பழைய ஆறுகளின் தடம் மறைந்திருந்தது.

இச்சான்றுகளையெல்லாம் ஒன்று சேர்த்து அறிஞர் கூறும் வரலாறு இது. கி.மு. 8500 அளவில் கிழக்குச் சகாராவுக்குப் பருவமழை வந்தது. புல் முளைத்தது, விலங்குகள் வந்தன, அவற்றைத் தொடர்ந்து வேட்டுவரும், பின்னர் ஆயரும் வந்தனர். ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டுகள் கழித்து மழை தெற்கே பின்வாங்கத் தொடங்கிற்று. சமவெளி முதலில் காய்ந்தது. மலைகளில் மட்டும் நீர் எஞ்சியமையால் மக்கள் உவைனாத்தையும் கில்ஃப் கபீரையும் புகலிடமாகக் கொண்டனர். உவைனாத்தின் கர்க்கூர் தல்ஹ் என்னும் பள்ளத்தாக்கில் பசுக் கூட்டங்களைத் தீட்டிய ஓவியங்கள் மிகப் பல. அவை இவ்வாயர்களின் கைவண்ணம். கடைசியில் அங்கும் நீர் குறைந்தது. சிலர் தெற்கே சூடானுக்கும், சிலர் கிழக்கே நைல் கரைக்கும் சென்றனர். எகிப்திய நாகரிகத்தின் தொடக்கத்திற்கு இவ்வரவும் ஒரு காரணம் என்று கருதுவோர் உளர். மக்கள் கலைந்த பின்னர், மிகப் பிற்காலத்தார் அதே பாறைகளில் ஒட்டகத்தைச் செதுக்கினர். ஒட்டைச்சிவிங்கி, பசு, ஒட்டகம் என்னும் இம்மூன்று உருவங்களின் வரிசையே இந்நிலம் காய்ந்த வரலாறு.

மழை ஏன் வந்தது, ஏன் சென்றது? மனிதன் செய்த குற்றம் எதுவும் அதற்குக் காரணம் அன்று. பூமி பம்பரம்போல் சாய்ந்து சுழல்கிறது. அதன் அச்சும் மெல்ல மெல்லத் திசை மாறி வட்டமிடுகிறது. இன்று பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரி மாதத் தொடக்கத்தில். ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன் அவ்வண்மை வடபாதியின் கோடையில் நேர்ந்தது. ஆகவே அக்காலக் கோடையில் வட ஆப்பிரிக்கத் தரை மிகுதியாகச் சூடேறியது. கடலிலிருந்து ஈரக்காற்றை மிகுதியாக ஈர்த்தது. மழை வடக்கே நெடுந்தொலைவு சென்றது. நம் இந்தியாவின் தென்மேற்குப் பருவமழையும் அதே காரணத்தால் அக்காலத்தில் வலிமை மிக்கிருந்தது. நமக்குச் சோறு தரும் காற்றும், சகாராவைப் பசுமையாக்கிய காற்றும் ஒரே விதிக்கு உட்பட்டவை.

மற்றொரு செய்தியையும் கேளுங்கள். 2007இல் உவைனாத்தில் எகிப்திய சித்திர எழுத்துக் கல்வெட்டு ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முன் ஆண்ட இரண்டாம் மெந்துஹோதப் மன்னனின் பெயரும், யாம் என்னும் நாட்டார் நறும்புகைப் பொருள் கொணர்ந்த செய்தியும் அதில் உள்ளன. அப்பொழுது சகாரா காய்ந்துவிட்டது, ஒட்டகமும் வரவில்லை. பின் எவ்வாறு வந்தனர்? கழுதைகளுடன் வந்தனர். தாக்லா சோலையிலிருந்து கில்ஃப் கபீர் நோக்கிச் செல்லும் ஏறத்தாழ 400 கிலோமீட்டர் வழியில், இடையிடையே பெரிய மண்சாடிகளை அடுக்கி நீர் நிரப்பி வைத்திருந்தனர். அவ்வழியில் உள்ள ஒரு குன்றுக்கு அரபு மக்கள் ‘சாடிகளின் தந்தை’ என்று பெயர் வைத்துள்ளனர். முன்னதாகத் திட்டமிட்டு நீரை வைத்தவனே பாலையைக் கடந்தான்.

நீர் இருக்கும் இடத்தை அறிதல் எத்துணைப் பெரியது என்பதை 1931ஆம் ஆண்டு காட்டிற்று. அவ்வாண்டு ஜனவரியில் இத்தாலியப் படை குஃப்ராவைக் கைப்பற்றியது. அஞ்சிய மக்கள் பெண்டு பிள்ளைகளுடன் உவைனாத்தை நோக்கி ஓடிவந்தனர். சுனை நீர் அத்தனை பேர்க்கும் போதவில்லை. அங்கிருந்தும் வழியறியாது கிழக்கேயும் தெற்கேயும் சிதறினர். பலர் தாகத்தால் மாண்டனர். அப்பக்கத்தில் நில அளவை செய்துகொண்டிருந்த பாட்ரிக் கிளேட்டன் என்பவர் தம் வண்டிகளுடன் தேடிச் சென்று பலரைக் காப்பாற்றினார். அவர் கையில் இருந்தது வரைபடம். கோடுகளும் எண்களும் நிறைந்த அத்தாள், அன்று உயிர்களைக் காத்தது. புவியியல் வெறும் பெயர்ப் பட்டியல் என்று எண்ணுவோர் இந்நிகழ்ச்சியை நினைவிற் கொள்ளுதல் நலம்.

இன்று அம்மலையின் நிலை யாது? ஹெர்ரியின் மக்கள் கலைந்துவிட்டனர். நிலையான குடி அங்கில்லை. எகிப்து அரசு 2007இல் கில்ஃப் கபீர்ப் பகுதியைப் பாதுகாக்கப்பட்ட பூங்காவாக அறிவித்தது. ஆயினும் ஓவியங்கள் அழிந்து வருகின்றன. காற்றும் வெயிலும் பாறையை உரிப்பது ஒருபுறம். படம் எடுக்கும்போது வண்ணம் பளிச்சிட வேண்டும் என்று ஓவியத்தின் மேல் நீரைத் தெளித்தவர்கள் உண்டு. ஈரம்பட்ட வண்ணம் பின்னர்ச் செதில் செதிலாக உதிரும். தம் பெயரைக் கீறி வைத்தவர்களும் உண்டு. 2023இல் சூடானில் மூண்ட உள்நாட்டுப் போர், 2025 ஜூனில் இம்முச்சந்தி எல்லைப் பகுதிக்கும் பரவிற்று. காவல் இல்லாத இடத்தில் கல்லும் தன்னைக் காத்துக்கொள்ள இயலாது.

நூல் அழிந்தால் மற்றொரு படி இருக்கக்கூடும். பாறை ஓவியத்திற்கு மறுபடி கிடையாது. பசுவுக்கும் ஒட்டகத்திற்கும் இடைப்பட்ட ஓர் உருவம் உதிர்ந்துவிட்டால், காய்ந்த வரலாற்றில் ஓர் ஏடு போயிற்று. நாளைய மாணவன் ஒருவன் ஹசனைனைப்போல் அப்பாறையின் முன் நின்று, இன்று நமக்குத் தோன்றாத ஒரு வினாவைக் கேட்கக்கூடும். அவனுக்கு விடை சொல்லப் பாறையில் உருவம் எஞ்சியிருக்க வேண்டும்.

ஆதலின் மாணவர்களே, ஆராய்ச்சி என்பதை முதலிற் சென்று கொடி நாட்டுதல் என்று கருதாதீர்கள். இருப்பதைக் காணுதல், இல்லாததையும் கருதுதல், ஊகித்தல், ஊகத்தைச் சோதித்தல், சோதித்ததை எழுதிவைத்தல், கண்ட பொருளைக் கெடாமல் அடுத்தவர்க்கு விட்டுவைத்தல் ஆகிய இவ்வளவும் சேர்ந்ததே ஆராய்ச்சி. இவற்றுள் இறுதியாகச் சொன்னதற்குக் கருவியும் வேண்டா, பொருளும் வேண்டா. பாறையின் முன் நிற்கும் ஒவ்வொருவரும் கையை அடக்கிக்கொண்டால் அதுவே போதும்.